பனி வருமுன்: ஸ்காபரோ வளவில் இலையுதிர்கால வேலைகள்

மே மாதம் விக்டோரியா நாள் வார இறுதியில் ரொறன்ரோவின் தோட்டக் கடைகளுக்குள் கால் வைக்க இடமிருக்காது. புல் விதை, பசளை, மண் மூட்டை என்று வண்டில் நிறையத் தள்ளிக்கொண்டு வரும் நம்மவர்களையும் நிறையக் காணலாம். அதே கடைக்குச் செப்டம்பரில் போனால் ஆறுதலாக நின்று விலை பார்த்து வாங்கலாம். என்னைக் கேட்டால் இது மறுவளமாக நடக்க வேண்டிய விஷயம். புல்தரைக்கென்று ஒரு வருடத்தில் செலவழிக்கும் காசிலும் உழைப்பிலும் பெரும்பங்கு ஆகஸ்ட் கடைசிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் போக வேண்டும். மரக்கறித் தோட்டத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

காரணம் புல்லின் இயல்பில் இருக்கிறது. இங்கே வீடுகளின் முன்னால் இருப்பது பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ ஆகியவற்றின் கலவை. மூன்றுமே குளிர்ச்சியை விரும்பும் இனங்கள். மண் 10 முதல் 18 பாகை வரை இருக்கும்போதுதான் அவற்றின் வேர் நன்றாக ஓடும். ஜூலை வெயிலில் மஞ்சளாகி உறங்கிவிடும். செப்டம்பரில் காற்று குளிர்ந்துவிடுகிறது, ஆனால் கோடையில் ஏறிய சூடு மண்ணுக்குள் இன்னும் இருக்கிறது, மழையும் வருகிறது. புல்லுக்கு இதைவிட நல்ல காலம் இந்த ஊரில் இல்லை. மே மாதத்தில் விதைத்தால், இளம் வேர் ஆழம் போக முதலே கோடை வந்து நிற்கும். அதோடு கிராப்கிராஸ் போன்ற களைகளின் விதையும் அப்போதுதான் முளைக்கும், புது முளை அதோடு போட்டி போட வேண்டும். இலையுதிர்காலத்தில் அந்தக் களை முதல் உறைபனியோடு செத்துப்போகும்.

எங்கள் வளவு ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கிறது. களிமண். மழை பெய்தால் சப்பாத்தில் அப்பும், காய்ந்தால் வெடிக்கும். முன்னால் நோர்வே மேப்பிள் ஒன்று. பின்வளவில் பாதி புல், பாதி மரக்கறிப் பாத்தி, வேலியோரம் பாவற்காயும் புடலங்காயும் ஏறிய பந்தல். இந்த வருடம் செய்த வேலைகளை, செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மண் வெப்பநிலை இருக்கிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

முதலில் புழு

போன இலையுதிர்காலத்தில் பின்வளவுப் புல்லை ரக்கூன்கள் பாய் சுருட்டியது போலச் சுருட்டி வைத்துவிட்டன. ரக்கூனும் ஸ்கங்கும் புல்லைத் தின்ன வருவதில்லை. புல்லுக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் புழுவைத் தேடித்தான் வருகின்றன. ஜப்பானிய வண்டு, ஐரோப்பியச் சேஃபர் வண்டு போன்றவற்றின் குஞ்சுகள் அவை. C எழுத்தைப் போல என்று சொல்வார்கள், அதைவிட ஒரு சுண்டுவிரல் நகத்தை மடித்து வைத்தது போலத்தான் எனக்குத் தெரியும். புல்லின் வேரைத் தின்றுவிடுவதால் தரை பிடியில்லாமல் கழன்று வரும்.

இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலத்துக்குப் புல்லை மூன்று பக்கம் சவளால் வெட்டி, மெல்லத் தூக்கிப் பார்த்து எண்ணலாம். ஐந்தாறு புழு என்றால் நல்ல வேருள்ள புல் தாங்கிக்கொள்ளும். பத்துக்கு மேல் என்றால் ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலிலிருந்து வீட்டுப் புல்தரைக்கு அழகுக்காகப் பூச்சிகொல்லி அடிப்பதற்குத் தடை இருக்கிறது. அது நல்ல சட்டம் என்பது என் கருத்து. பிள்ளைகள் உருளும் புல்லில் நஞ்சு எதற்கு? அதற்குப் பதிலாக இருப்பது நெமட்டோட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. கடையில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத்தான் விற்பார்கள், உயிருள்ள பொருள் என்பதால். தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். அது மண்ணுக்குள் நீந்திப் போய் வெள்ளைப் புழுவின் உடலுக்குள் நுழைந்து, தன் வயிற்றில் இருக்கும் பக்டீரியாவை வெளியே விடும். ஓரிரு நாளில் புழு சாகும். மனிதருக்கோ நாய் பூனைக்கோ ஒன்றும் செய்யாது.

வேலை செய்வதும் செய்யாததும் ஊற்றும் விதத்தில் இருக்கிறது. வெயில் பட்டால் நெமட்டோட் செத்துவிடும், அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஊற்ற முன்னும் மண் ஈரமாக இருக்க வேண்டும், ஊற்றிய பின்னும் தண்ணீர் விட வேண்டும், அதன் பின் ஒன்றிரண்டு கிழமை காயவிடக் கூடாது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் சரியான காலம். அப்போது புழு சின்னது, மேல்மண்ணில் இருக்கும். அக்டோபர் போகப் போக அது பருத்துவிடும், குளிருக்குத் தப்ப ஆழத்துக்கும் இறங்கிவிடும். அப்போது ஊற்றும் காசு வீண். நான் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மழை பெய்து விட்ட ஒரு மாலையில் ஊற்றினேன். செப்டம்பர் முடிவில் மறுபடி வெட்டிப் பார்த்தபோது அதே மூலையில் ஒன்றிரண்டுதான் இருந்தன. இந்த முறை ரக்கூனும் அந்தப் பக்கம் வரவில்லை.

துளையும் விதையும்

செப்டம்பர் முதல் பாதி விதைக்கு. எங்கள் களிமண்ணில் விதையை அப்படியே தூவினால் பாதி குருவிக்குப் போகும், மீதி மேலே கிடந்து காயும். முதலில் மண்ணைத் திறக்க வேண்டும். அதற்கு ஏரேட்டர் என்ற மெஷினை அரை நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். வெறும் ஆணி குத்தும் வகை வேண்டாம், அது களிமண்ணை இன்னும் பக்கவாட்டில் நெருக்கிவிடும். விரலளவு மண்துண்டை வெளியே பிடுங்கிப் போடும் வகைதான் வேண்டும். முதல் நாள் தண்ணீர் விட்டு, மண் ஈரமாக, ஆனால் சேறாகாமல் இருக்கும்போது ஓட்டினால் 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குத் துளை விழும். மெஷின் பாரம், வாகனத்தில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து வாடகையைப் பிரித்துக்கொண்டோம். இரண்டு வளவும் ஒரு காலையில் முடிந்தது. வெளியே கிடக்கும் மண்துண்டுகளைப் பொறுக்க வேண்டாம், மழையில் தானாகக் கரைந்துவிடும்.

ஓட்ட முன்னர் புல்லை வழமையைவிடக் குட்டையாக வெட்டியிருந்தேன். துளை போட்ட பிறகு 100 சதுர மீற்றருக்கு 2 கிலோ அளவில் விதை, அதன் மேல் ஒரு செ.மீ.க்கும் குறைவாகச் சலித்த கூட்டெரு. அவ்வளவுதான். கூட்டெருவைத் தடிப்பாகப் போட்டால் பழைய புல் மூச்சு முட்டும்.

நான் கூட்டெருவை ரேக்கின் பின்பக்கத்தால் பரவிக்கொண்டிருக்கும்போது, எங்கள் தெருவிலேயே நல்ல தோட்டம் வைத்திருக்கும் மாமி நடைப்பயிற்சியில் வந்தவர் வேலியடியில் நின்றுவிட்டார்.

“என்ன பிள்ளை, பனி கொட்டப் போற நேரத்தில விதை போடுறீர்? காசைக் கரியாக்காதையும்.”

“இல்லை மாமி, இந்தப் புல்லுக்கு இதுதான் விதைப்புக் காலம். ஊரில புரட்டாசிச் சம்பா விதைக்கிற மாதிரி நினையுங்கோ.”

“அப்ப மேயில போடுறது?”

“அது வரும் மாமி, ஆனா ஓகஸ்ட் வெயிலுக்குத் தாங்காது.”

மாமி தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்று கிழமைக்குப் பிறகு அவரும் ஒரு சின்னப் பை விதை வாங்கி வந்து, தன் வீட்டு வாசலோர வழுக்கைகளுக்குப் போட்டார். அது கொஞ்சம் பிந்தித்தான். ஆனாலும் ரைகிராஸ் கூடிய கலவை என்பதால் முளைத்துவிட்டது. ரைகிராஸ் ஒரு கிழமையிலேயே தலைகாட்டும். புளூகிராஸ் இரண்டு மூன்று கிழமை எடுக்கும், சில வேளை அதற்கும் மேலே போகும். பொறுமையில்லாமல் முதல் கிழமையோடு தண்ணீரை நிறுத்துபவர்களுக்கு புளூகிராஸ் கிடைப்பதேயில்லை. அதுதான் பக்கவாட்டில் வேர்விட்டு வெறுந்தரையை மூடும் இனம், அதை இழக்கக் கூடாது. முளைக்கும்வரை காலையும் பின்னேரமும் மேல்மண் நனையும் அளவுக்கு மெல்லிய தூறல். முளைத்த பின் தடவையைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஆழமாக.

பசளை பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் குளிர்காலத்துக்கென்று தனிப் பை விற்பார்கள். பையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் எண்களைப் பாருங்கள். முதல் எண் நைதரசனின் வீதம். 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன் கிடைக்குமாறு கணக்குப் பார்த்துப் போட்டால் போதும். நான் அக்டோபர் முதல் பாதியில், புல் இன்னும் பச்சையாக வளரும்போது போட்டேன். அப்போது எடுத்துக்கொள்ளும் நைதரசன், குளிர்காலத்துக்கு வேண்டிய மாச்சத்தைப் புல் சேமித்துக்கொள்ள உதவும். நிலம் இறுகிய பின் போட்டால் உருகும் பனியோடு தெருவோரக் கானுக்குள் போய்விடும். எங்கள் பகுதியில் அந்தத் தண்ணீர் ஹைலாண்ட் கிறீக் ஓடையில் இறங்கி ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. நாம் குடிக்கும் தண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான் வருகிறது.

சுண்ணாம்பு போடுவது சிலருக்குப் பழக்கம். தென் ஒன்ராறியோவின் மண் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்தது, ஏற்கெனவே காரத் தன்மை உள்ளது. மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் இங்கே சுண்ணாம்பு போட வேண்டிய தேவையில்லை. அடுப்புச் சாம்பலுக்கும் அதுவே.

முதல் உறைபனிக்கு முன் உள்ளே வர வேண்டியவை

ஸ்காபரோவில் ஏரிக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு முதல் உறைபனி அக்டோபர் பிற்பகுதி வரை தள்ளிப் போகும். ஏரியிலிருந்து தள்ளி வடக்கே இருக்கும் மார்க்கம், ஸ்டோவில் பக்கம் அதற்கு முன்பே வந்துவிடும். நாட்காட்டியை நம்புவதைவிட வானத்தைப் பார்ப்பது நல்லது. வானிலை அறிக்கையில் சொல்லும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் அளந்தது. முகில் இல்லாத, காற்று அடங்கிய இரவில் நிலம் தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும். அப்போது அறிக்கையில் 3 பாகை என்று இருந்தாலும் பாத்தியில் இலையின் மேல் 0 ஆகிவிடும். முகில் மூடிய இரவில் அதே 3 பாகை ஒன்றும் செய்யாது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எந்த இரவில் பழைய படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவது, எந்த இரவில் நிம்மதியாகப் படுப்பது என்று தெளிவாகத் தெரிகிறது. மூடும்போது துணி நிலத்தைத் தொட வேண்டும். மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பிளாஸ்ரிக் தாள் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும்.

ஆனால் கறிவேப்பிலை உறைபனிவரை காத்திருக்காது. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் உள்ளே வர வேண்டும். எங்கள் பக்கம் அது செப்டம்பர் கடைசி. எங்கள் வீட்டில் இருக்கும் சாடி, முன்பு ஒரு கன்றாக உறவினர் தந்தது. இப்போது என் தோளளவு. புகைப்படத்துக்கு அழகான செடி அல்ல, ஆனால் எங்கள் சமையலறையின் பாதி மணம் அதிலிருந்துதான் வருகிறது. அதனால் இதற்கு மட்டும் நேரக்கணக்கு பார்ப்பதில்லை.

உள்ளே எடுக்க முன் வெளியில் வைத்தே ஹோஸால் இலையின் அடிப்பக்கத்தைப் பலமாகக் கழுவுவேன். கோடை முழுக்க வெளியில் நின்ற செடியில் சிலந்திப்பேன், செதிற்பூச்சி இரண்டும் இருக்கலாம். வெளியில் மழையும் வண்டுகளும் அவற்றைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்குள் ஹீட்டரின் வறண்ட சூட்டில் அவை பெருகித் தள்ளும். தண்டில் பழுப்பு நிறப் புள்ளி போல ஒட்டியிருக்கும் செதிற்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தேன். பிறகு பூச்சிக்கென்று விற்கும் சவர்க்காரக் கரைசலை இலையின் இரு பக்கமும் அடித்து, ஒரு கிழமை கழித்து மறுபடி அடித்தேன். அந்தக் கிழமை முழுக்க மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்தேன்.

உள்ளே வந்ததும் சில இலைகள் உதிரும். பயந்து தண்ணீரை ஊற்றக் கூடாது. வெளிச்சம் குறைந்துவிட்டது, அது குடிக்கும் தண்ணீரும் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஜூனில் அது 15 மணிக்கும் மேல். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தெற்குப் பார்த்த யன்னல், ஹீட்டர் காற்று நேரே படாத இடம். எங்களுக்குத் தெற்கு யன்னலில் வெயில் போதாது என்பதால் ஓர் எல்.இ.டி. விளக்கை 12 மணி நேரம் எரியவிடுகிறோம். பசளை மார்ச்வரை கிடையாது. சாடி மாற்றுவதும் இப்போது வேண்டாம்.

முருங்கைக்கு வேறு வழி. அதற்கு உள்ளே வெளிச்சம் தேடி அலையாமல் உறங்கவிடுவதுதான் நல்லது. இடுப்பளவுக்கு வெட்டி, குளிர்ச்சியான பேஸ்மென்ட் மூலையில் வைத்து, மாதத்துக்கு ஓரிரு தடவை கொஞ்சம் தண்ணீர். வெட்டிய கொப்பில் இருந்த இலை அன்றைக்கே சுண்டலுக்குப் போனது. வல்லாரைச் சாடி சமையலறை யன்னலுக்கு. புதினா வெளியிலேயே நிற்கலாம், அது இந்தக் குளிருக்கெல்லாம் அசையாது.

பச்சை மிளகாயில் நன்றாகக் காய்த்த செடி ஒன்றை மட்டும் வேரோடு கிளப்பி, கொப்புகளைத் தண்டு பிரியும் கவரளவுக்கு வெட்டி, சின்னச் சாடியில் வைத்தேன். மிளகாய் உண்மையில் பல வருடம் வாழும் செடி, இங்கே குளிர்தான் அதை ஒரு வருடப் பயிராக்குகிறது. இப்படிக் காப்பாற்றிய செடி அடுத்த கோடையில் புது நாற்றைவிட முந்திக் காய்க்கும். மீதிச் செடிகளை வேரோடு பிடுங்கிக் கராஜில் தலைகீழாகத் தொங்கவிட்டால் காய் மெல்லமெல்லப் பழுக்கும், உலரும்.

தக்காளியில் வெளிர்ப்பச்சையாக மினுங்கத் தொடங்கிய காயை எல்லாம் பறித்து, பத்திரிகைத் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். 10 பாகைக்குக் கீழே தக்காளியின் சுவை கெட்டுவிடும், பழுக்கவும் மாட்டாது. கடும்பச்சையாக இருந்தவை சம்பலுக்கும் ஊறுகாய்க்கும் போயின. பந்தலில் விதைக்கென்று விட்ட பாவற்காய் மஞ்சளாகி வெடித்து, விதையின் மேல் சிவப்புச் சதை தெரியும்போது எடுக்க வேண்டும். கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் வருடத்தை எழுதி வைத்துவிட்டேன்.

கேல் கீரையும் கரட்டும் பாத்தியிலேயே நிற்கட்டும். குளிர் படப் பட அவை மாப்பொருளைச் சீனியாக மாற்றிக்கொள்ளும். அது தண்ணீர் உறையாமல் காக்க அவை செய்யும் ஏற்பாடு. நவம்பரில் பிடுங்கிய கரட்டை அப்படியே கடித்துப் பார்த்தவர்கள் கடைக் கரட்டுக்குத் திரும்புவது கஷ்டம்.

உள்ளி

இலையுதிர்காலத் தோட்ட வேலையில் எனக்கு மிகப் பிடித்தது இது. அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை உள்ளி நடலாம். குளிர்தான் அதற்குப் பசளை என்று சொல்லலாம். நல்ல குளிரில் சில கிழமைகள் இருந்தால்தான் அது அடுத்த வருடம் பல்லாகப் பிரியும். வசந்தத்தில் நட்டால் பெரும்பாலும் பிரியாத ஒற்றை உருண்டைதான் கிடைக்கும்.

ஒன்ராறியோவில் பரவலாக நடுவது மியூசிக் என்ற வகை. ஒரு பூட்டில் நாலைந்து பெரிய பல், உரிக்கச் சுகம், நல்ல உறைப்பு. நடுவில் தடித்த தண்டு இருக்கும் இந்த வகைதான் எங்கள் குளிருக்கு ஏற்றது. கடையில் சமைக்க வாங்கும் மெல்லிய கழுத்து உள்ளி வேறு காலநிலைகளுக்கானது, விதைக்கு அதை நம்ப வேண்டாம். உழவர் சந்தையில் விதை உள்ளி வாங்கி, நடும் அன்றுதான் பல்லைப் பிரிக்க வேண்டும். பெரிய பல்லை மட்டும் நட வேண்டும். சின்னப் பல் சின்னப் பூட்டைத்தான் தரும். கூர்ப்பக்கம் மேலே, பல்லின் நுனிக்கு மேல் 5 செ.மீ. மண், பல்லுக்குப் பல் 15 செ.மீ. அதற்கு மேல் ஒரு சாண் தடிப்புக்கு வைக்கோல். வைக்கோலின் வேலை சூடேற்றுவதல்ல. உறைவதும் உருகுவதுமாக மண் ஏறி இறங்கும்போது பல் மேலே தள்ளப்படாமல் காப்பதுதான். ஜூன் மாதத்தில் சுருண்டு வரும் பூந்தண்டை வெட்டி வறை செய்யலாம், ஜூலையில் உள்ளி கிளப்பலாம்.

அதே நாட்களில் முன்பாத்தியில் டியூலிப் கிழங்குகளும் வைத்தோம். இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து அரச குடும்பம் ஒட்டாவாவில் தஞ்சமிருந்தது. அதற்கு நன்றியாக 1945இல் ஒரு லட்சம் டியூலிப் கிழங்குகள் கனடாவுக்கு வந்தன. தஞ்சம் தந்த நாட்டுக்குப் பூக்கிழங்கு அனுப்பியவர்களை நினைக்க எனக்கு மனம் நிறையும். இங்கே அப்படி வந்து சேர்ந்த நம்மவர்கள் எத்தனை பேர்! சரி, கிழங்குக்கு வருவோம். 15 முதல் 20 செ.மீ. ஆழம். அணில் தோண்டாமலிருக்கப் பாத்தியின் மேல் கோழிக்கூட்டுக் கம்பி வலையை விரித்து, கல் வைத்தேன். டஃபடில் கிழங்கை அணில் தொடாது, அதன் நஞ்சு அதற்குத் தெரியும்.

இலை

அக்டோபர் கடைசியில் மேப்பிள் கொட்டத் தொடங்கினால் முன்வளவு தெரியாது. எல்லாவற்றையும் வாரிப் பையில் கட்டி வெளியேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்து. புல்லின் மேல் மெல்லியதாகக் கிடக்கும் இலையைப் புல்வெட்டும் மெஷினால் இரண்டு தரம் ஓட்டி நொறுக்கிவிட்டால் துகள் புல்லிடையே இறங்கிவிடும், மண்புழு மீதியைப் பார்த்துக்கொள்ளும். பாதிப் புல்லாவது மேலே தெரிந்தால் அளவு சரி. தெரியாவிட்டால் மிகுதியை வாரி மரக்கறிப் பாத்தியின் மேல் போடலாம்.

நோர்வே மேப்பிளின் இலையில் தார் சொட்டியது போலக் கரும்புள்ளி இருந்தால் அதை மட்டும் நகரசபையின் தோட்டக் கழிவுக்கே அனுப்புங்கள். அது ஒரு பூஞ்சணம். மரத்தைக் கொல்லாது, ஆனால் விழுந்த இலையில் குளிர்காலம் கழித்து வசந்தத்தில் புது இலைக்குப் பறக்கும். வீட்டுக் கூட்டெருக் குவியலில் அதைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறுவது அபூர்வம். ரொறன்ரோவில் பழுப்புக் காகிதப் பையிலோ திறந்த கொள்கலனிலோ போட்டு வைக்க வேண்டும், பிளாஸ்ரிக் பையை எடுக்க மாட்டார்கள்.

பூப்பாத்தியை நான் இப்போது சுத்தம் செய்வதில்லை. பந்தலில் பழைய கொடிகளை அகற்றினேன், நோய் பிடித்த தக்காளிச் செடிகளை அகற்றினேன், மற்றப்படி கூம்புப் பூக்களின் காய்ந்த தலையும் தண்டும் அப்படியே நிற்கின்றன. விதையைக் கோல்ட்ஃபின்ச் குருவி தின்ன வரும். உள்ளீடற்ற தண்டுக்குள் தேனீ இனங்கள் குளிர்காலம் கழிக்கும். இலைக் குவியலுக்குள் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவும் மின்மினியின் குஞ்சும் இருக்கும். லைலக், ஃபோர்சிதியா போன்றவற்றையும் இப்போது வெட்டக் கூடாது, அடுத்த வசந்தத்தின் மொட்டு ஏற்கெனவே கொப்பில் உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர், சாக்கு, உப்பு

வேலியாக நிற்கும் சீடர் மரங்களுக்கு நிலம் இறுகும்வரை கிழமைக்கு ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் விட்டேன். பச்சை இலையோடு நிற்கும் மரம் குளிர்காலத்திலும் வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீரை இழக்கிறது. வேர் உறைந்த மண்ணில் இருப்பதால் திரும்ப உறிஞ்ச முடியாது. மார்ச்சில் பழுப்பாகிச் செத்துப்போன சீடர்களில் பல குளிரில் சாகவில்லை, தாகத்தில்தான் செத்தன. தெருப்பக்கம் இருக்கும் இளம் மரங்களுக்கு நாலு கம்பு நட்டுச் சணல் சாக்கைத் தடுப்பாகக் கட்டினேன். மரத்தில் நேரே சுற்றாமல் சற்றுத் தள்ளி. பிளாஸ்ரிக் வேண்டவே வேண்டாம், பகல் வெயிலில் உள்ளே அவிந்துவிடும். ரோஜாவுக்கு அடியில் ஒரு முழத்துக்குக் கிட்ட மண்ணைக் குவித்தேன்.

புல்லின் கடைசி வெட்டு நவம்பர் தொடக்கத்தில். கோடையில் 7 அல்லது 8 செ.மீ. உயரம் விடுவோம், கடைசி வெட்டுக்கு 5 அல்லது 6 செ.மீ. நீளமாக விட்டால் பனியின் கீழ் சாய்ந்து படுத்து, வசந்தத்தில் நரைத்த வட்டமாகப் பூஞ்சணம் தெரியும். வயல் எலியும் அதற்குள் பாதை போடும். மிகக் குட்டையாக வெட்டினால் குருத்துக்குப் பாதுகாப்பில்லை.

வெளிக் குழாயை மறக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது 9 வீதம் பருக்கும், செம்புக் குழாயை வெடிக்க வைக்க அது தாராளம். வெடித்தது அப்போது தெரியாது, வசந்தத்தில் ஹோஸைத் திறக்கும்போதுதான் பேஸ்மென்ட் சுவருக்குள் தண்ணீர் கொட்டும். முதலில் ஹோஸைக் கழற்ற வேண்டும். உறையாத குழாய் என்று விற்கும் வகையிலும் ஹோஸ் பூட்டியிருந்தால் உள்ளே தண்ணீர் தங்கி வெடித்துவிடும். பிறகு உள்ளே இருக்கும் அடைப்பானைப் பூட்டி, வெளிக் குழாயைத் திறந்து, அடைப்பானின் பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியைத் தளர்த்தி மிச்சத் தண்ணீரை ஒரு கோப்பைக்குள் பிடிக்க வேண்டும். வெளிக் குழாய் குளிர்காலம் முழுக்கத் திறந்தே இருக்கட்டும். மழைநீர்ப் பீப்பாவையும் காலியாக்கிக் கவிழ்த்துவிட்டேன்.

வாகனம் நிறுத்தும் பாதையின் இரு ஓரத்துப் புல்லும் ஒவ்வொரு வசந்தத்திலும் உப்பில் கருகி நிற்பது இங்கே வழமை. உப்பிலிருக்கும் சோடியம் களிமண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிடும், அந்த மண் இறுகிப் பிறகு தண்ணீரை உள்ளே விடாது. இந்த முறை உப்புக்குப் பதிலாக ஒரு வாளி மணலைக் கதவடியில் வைத்திருக்கிறேன். வழுக்கலுக்கு மணல் போதும், உப்பு படிக்கட்டுக்கு மட்டும். பனியை உடனுக்குடன் தள்ளிவிட்டால் உப்பின் தேவையே பாதி குறையும். தள்ளும் பனியைச் சீடரின் மேலோ புதுப் புல்லின் ஒரே இடத்திலோ குவிக்காமல் பரவிப் போட வேண்டும்.

கடைசியாக, நிலம் இறுக முன் பாதையோரம் முழுக்கச் சிவப்பு நுனியுள்ள கம்புகளை நட்டேன். பனி மூடிய பிறகு புல் எங்கே, பாதை எங்கே என்று தெரியாது. பனி வாரும் இயந்திரத்தின் கத்தி விதைத்த புல்லைத் தோலோடு உரித்துவிடும். நிலம் இறுகிவிட்டால் கம்பு ஒரு விரற்கடை கூட உள்ளே இறங்காது. அதனால் இந்த வேலையை நவம்பர் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுங்கள்.